இருநூத்தி எழுபது அடி

தொலையல சார், இந்தா இருக்கு, பிஸ்கட் டப்பாவுல. வெட்டுன பிலிமச் சுருட்டி, துணி சுத்தி, பத்திரமாத்தான் வச்சிருக்கேன். இருநூத்தி எழுபது அடி. அளந்து வேணா பாத்துக்கங்க, ஒரு அடி கொறையாது.

ஆமா, கிழிஞ்சு போச்சுன்னுதான் மேனேஜர் பொம்மையன் சார்கிட்டச் சொன்னேன். அவரு நம்பிட்டாரு. அவரு இந்த மெசின் ரூமுக்குள்ள காலு வச்சு மூணு வருசமாச்சு. மெசின் வெளக்குல எரியிற கார்பன் புகை ஒத்துக்கிறதில்லையாம். அதுல எனக்கும் ஒரு நிம்மதி. ஆனா நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரியும். படப்பெட்டியோட ஊரு ஊராப் போயி வார கம்பெனிக்காரரு. தானாக் கிழிஞ்சா பல்லு பல்லாக் கிழியும், இது நேராக் கத்தரிச்சாப்ல இருக்கேன்னு பாத்த ஒடனே கேட்டீங்களே. கத்தரி இல்ல சார். பிளேடு.

உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், செவத்தோட சேத்துப் போட்டுக்கங்க. மேட்னிக்கு இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு. ரெண்டே ரெண்டு ஒட்டு, செத்த நேரத்துல ஒட்டிரலாம். பதினாலாவது ரீலு இந்தாதான் இருக்கு. நீங்க மதுரையில இருந்து பஸ் ஏறி வந்துட்டீங்க, ஒட்டுன்னா ஒட்ட வேண்டியதுதான்.

யாரு வெட்டச் சொன்னாங்களா? யாரும் சொல்லல. மொதலாளிக்கு நீளம்னா புடிக்கும். படத்தச் சோதிக்க வார போலீசுக்காரங்க பாட்டு முடிஞ்சா எந்திரிச்சுப் போயிருவாங்க. நானாத்தான் வெட்டுனேன். இந்த வேலைக்கு வந்த ஆறு வருசத்துல மொத தடவை. பெட்டி வந்த அன்னைக்குக் காலையில, எப்பவும் போல வெறும் கொட்டகையில ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன். பாத்தேன், வெட்டுனேன். அதனால திண்டுக்கல்லுல ஒரு சனம் அந்த எடத்தப் பாத்ததில்ல.

படம் நல்லா இல்லைன்னு நான் சொல்லல. மூணு வாரமா லேடீஸ் கியூ ரோடு வரைக்கும் நிக்கிது. ஆனா சார், நீங்க அந்தக் கதையப் படிச்சிருக்கீங்களா? செண்பகவடிவு, புஸ்தகமா? இல்லையா. நெனைச்சேன். படம் எடுத்தவங்களும் படிச்சிருப்பாங்களான்னு எனக்குச் சந்தேகம்.

புஸ்தகத்துல செண்பகவடிவு கம்மாய்க்கரையில தண்ணி எடுப்பா. உங்க படத்துச் செண்பகம் காலேஜுல பந்து ஆடுறா. அதுல கடுதாசி வரும், இதுல டெலிபோன் அடிக்கிது. அதுல அவ அப்பன் பேதியில போயிச் சேருவாரு. இதுல மாடிப்படியில உருளுறாரு. பங்களான்னு ஒண்ணு இருந்தா மாடிப்படி வேணும், மாடிப்படின்னு இருந்தா யாராச்சும் உருளணும், இல்லையா? அவ ஆசைப்பட்டவன் வில்வண்டியில வாரேன்னு சொல்லிட்டுப் போவான் புஸ்தகத்துல. படத்துல காரு. என்ன கலரு காருன்னு தரை டிக்கெட்டுல ஒரு சண்டையே நடந்துச்சு. கறுப்பு வெள்ளைப் படத்துல.

காலத்துக்குத் தக்கன மாத்துறதுன்னு சொல்றீங்க. சரிதான் சார். காரு வரட்டும், பந்து ஆடட்டும், எனக்கு என்ன. ஆனா புஸ்தகத்துல அவன் வரவே மாட்டான். வாரேன்னு சொல்லிட்டுப் போனவன் வரல, அவ ஊரு முக்குல நிக்கிறா, அம்புட்டுதான், கதை முடிஞ்சது. ஏன் வரல, ஒரு வரி கெடையாது. பாம்பு கடிச்சதா, மனசு மாறுச்சா, ஒண்ணும் எழுதல. படிச்சவங்க எல்லாம் அடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அதுதான் சரின்னு பட்டுச்சு. வராதவன் எவனாச்சும் காரணத்த எழுதிக் குடுத்துட்டா வராம இருக்கான்?

உங்க படத்துல அவன் வாரான். ஊரு முக்கு வரைக்கும் வந்துர்றான். அங்க வில்லன், அவளோட மொறமாமன், ரோட்டு மேல நின்னு கார மறிச்சு ஒரு பொய்யச் சொல்றான். அவளுக்கு ஆவணியிலேயே கல்யாணம் முடிஞ்சு போச்சுன்னு. இவன் காரத் திருப்பிட்டுப் போயிர்றான். அப்பறம் உண்மை தெரிஞ்சு, எப்படித் தெரிஞ்சுச்சுன்னு ஒரு வசனம்கூட இல்ல, கடைசி ரீல்ல ஓடி வந்து, மாலையும் கழுத்துமா நிக்கிறாங்க. நான் வெட்டுனது அந்த மொறமாமன் நிக்கிற எடத்த மட்டும்தான். கடைசிக் கல்யாணத்துல நான் கை வைக்கல.

ஆமா, புரியாமத்தான் போச்சு. கார் வாரதும் தெரியும், டொக்குன்னு ஒரு குதி, கார் திரும்பிப் போறதும் தெரியும். நம்ம சனம் அதுக்கும் ஒரு காரணம் கண்டுபுடிச்சிருச்சு. பெட்ரோல் தீந்து போச்சாம். பின்பெஞ்சுல ஒருத்தன் சத்தமாச் சொன்னான், ஏலே, தாலிய வீட்டுல மறந்துட்டு வந்துட்டாண்டான்னு. ஒருத்தன் எந்திரிச்சு மெசின் ரூமப் பாத்து ஏசல. அதான் கேக்குறேன், கம்பெனிக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?

தபால் கார்டு வந்துச்சா. யாரு போட்டது? குடுங்க, பாப்போம்.

இருங்க, கைய வேட்டியில தொடைச்சுக்கிறேன்.

ம்.

ஐயா, பதினாலாவது ரீலில் ஒரு இடம் குதிக்கிறது. காரில் வந்தவர் பாதி வழியில் ஏன் திரும்பிப் போனார் என்பது தெரியவில்லை. மூன்று தடவை பார்த்தும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசை. இப்படிக்கு, ஒரு ரசிகை, திண்டுக்கல்.

எழுத்து நல்லா இருக்குல்ல சார். ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம, பூ கோத்தாப்ல.

இத்தனாவது ரீலுன்னு எழுதியிருக்கிறதப் பாத்து உங்க ஆபீஸ்ல ஆச்சரியப்பட்டாங்களா? படத்தோட வெளம்பரத்துல இல்லாத சங்கதிதான். எங்க வீட்டுக்காரி சார். மாயம்மா. எனக்குச் சோறு கொண்டு வந்து வச்சுட்டு, நான் சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருப்பா. எந்த டப்பாவுல என்ன நம்பர்னு அவளுக்குத் தெரியும். ஒட்டு எங்க குதிக்குதுன்னு என்னையவிட நல்லாத் தெரியும்.

மொத தடவை பாத்துட்டு வந்தப்பவே கேட்டா. மச்சான், அந்த எடத்துல எதையும் வெட்டுனீகளான்னு. இல்ல, கம்பெனியில இருந்தே அப்படித்தான் வந்துச்சுன்னேன். அவ சோத்தப் போட்டா. வெஞ்சனத்த எடுத்து வச்சா. அப்பறம் என் கையப் புடிச்சு மோந்து பாத்தா. இந்தா, இந்த ஒட்டுற சிமெண்டு இருக்கே, மூணு நாளைக்குப் போகாது இதோட வாசம். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு தடவை தனியா வந்து டிக்கெட் எடுத்துப் பாத்திருக்கா. கார்டு போட்டது இப்பத்தான் தெரியும்.

பிளேடக் குடுங்க, உங்க பக்கத்துல இருக்கு. இத மேலாகச் சொரண்டணும் சார், படம் பதிஞ்சிருக்கிற அந்த மருந்து போகணும். மருந்து இருந்தா சிமெண்டு புடிக்காது. அழுத்திச் சொரண்டுனா ஓட்டையாயிரும். பாத்துக்கங்க, நான் சரியாத்தான் செய்யிறேன்னு.

அவ எங்க எழுதப் படிச்சாளா? நான் படிச்ச எடத்துலதான். செம்பட்டிக்கு அங்கிட்டு எங்க ஊரு. அம்பதாம் வருசம் ராப்பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க, சாவடியில. பகல்ல கத்திரிக்கா பறிக்கிற கைக்கு ராத்திரி சிலேட்டு. ஆம்பளைங்க பதினெட்டுப் பேரு, பொம்பளைங்க மூணு பேரு, அதுல ஒருத்தி எங்க அத்தை மக மாயம்மா. வாத்தியார் பேரு அருளப்பன். சின்னாளபட்டியில இருந்து சைக்கிள்ல வருவாரு. வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு. என் வயசுதான், ஆனா மொகத்துல ஒரு களை. அரிச்சுவடி முடிஞ்சதும் அடுத்து படிக்கிறதுக்குப் புஸ்தகம் இல்ல. அவரு வீட்டுல இருந்த ஒரே கதைப் புஸ்தகத்தக் கொண்டு வந்தாரு. அதான் செண்பகவடிவு. ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாப் படிக்கணும். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது செண்பகவடிவுக்குத் திக்குவாய் மாதிரி இருக்கும். மாயம்மா படிச்சா சாவடியில ஒருத்தன் இரும மாட்டான்.

ஆமா சார். நீங்க நெனைக்கிறது சரிதான். அவளுக்கும் வாத்தியாருக்கும்தான்.

எனக்கு எப்படித் தெரியுமா? அவளே சொன்னா. நான் அமைதியான ஆளு. அமைதியா இருக்கிறவன்கிட்ட எல்லாரும் எல்லாத்தையும் சொல்லிருவாங்க, அது ஒரு தொந்தரவு. மச்சான், உங்ககிட்டத்தான் சொல்றேன்னு ஆரம்பிச்சா. வாத்தியாரு பாளையங்கோட்டைக்கு டிரெயினிங் போறாரு, முடிச்சு வேலை கெடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போயிருவாரு, கடுதாசி போட்டா அப்பன் கைக்குப் போயிரும்னு போட மாட்டாரு, ஒரு திங்கக்கிழமை பத்தரை மணி பஸ்ஸுல செம்பட்டி முக்குல வந்து எறங்குவாரு. எல்லாம் சொன்னா. திங்கக்கிழமைன்னா அவதான் பூக்கூடையக் கொண்டாந்து திண்டுக்கல் பஸ்ஸுல ஏத்துவா, அதான். நான் மொறைக்காரன், அவளக் கட்டிக்கிற உரிமை உள்ளவன், என்கிட்டச் சொல்றமேன்னு அவளுக்குத் தோணவே இல்ல. என்னைய அந்தக் கணக்குல வச்சதே இல்ல. சாவடித் தூணு மாதிரி நான்.

வாத்தியாரு புஸ்தகத்த அவகிட்டக் குடுத்துட்டுப் போனாரு. ஒரு வருசம் ஆச்சு. ஒவ்வொரு திங்கக்கிழமையும் நின்னா. பூக்கூடைய ஏத்துனதுக்கு அப்பறமும் நின்னா. ரெண்டாவது வருசமும் நின்னா. ஊருல பேச ஆரம்பிச்சுட்டாங்க. அத்தை என்கிட்ட வந்து அழுதுச்சு. கடைசியில ஒரு நாள் அவளே கேட்டா. களத்துல வெங்காயம் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு பேரும் கிளறிக்கிட்டு இருந்தோம். தலைய நிமித்தாமக் கேட்டா, மச்சான், நெசத்தச் சொல்லுங்க, அவரு வருவாரான்னு. வர மாட்டாருன்னேன். புஸ்தகத்துலயே இருக்கே மாயம்மா, வரலைன்னுதானே போட்டிருக்கு, ஏன்னு அவங்களே எழுதல, நீ ஏன் கேட்டுக்கிட்டு இருக்கன்னேன். அவ செத்த நேரம் கிளறுனா. சரின்னா. அந்தச் சரி கல்யாணத்துக்கும் சேத்துன்னு நாலு நாள் கழிச்சு அத்தை வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இந்த ஒரு பக்கம் ஆச்சு. பத்து எண்ணுற வரைக்கும் அமுக்கிப் புடிக்கணும். நீங்க எண்ணுறீங்களா?

நல்ல பொம்பள சார். இப்ப நாகல் நகர்ல வீடு. ஒரு மக இருக்கா, ஒண்ணாப்பு. ஏழு வருசத்துல ஒரு சண்டை கெடையாது. பக்கத்து வீட்டு மெஹராஜ் அக்கா என்னையப் பாத்தாச் சொல்லும், ஒச்சப்பா, உன் வீட்டுல மட்டும் சத்தமே கேக்க மாட்டேங்குதே, என்ன மந்திரம் போட்டேன்னு. சண்டை போடணும்னா ஆளப் பாக்கணும்ல சார். அவ என்னையப் பாத்தாத்தானே. சோறு வைப்பா, காய்ச்சல்னா பத்துப் போடுவா, சட்டைக்குப் பொத்தான் தைப்பா. எல்லாம் செய்வா. ஆஸ்பத்திரியில நர்சம்மாமாருங்க செய்வாங்களே, அப்படி. புஸ்தகம் பொட்டிக்குள்ள அடியில கெடக்கு. அவ அத எடுத்து நான் பாத்ததில்ல. ஆனா அவ அடங்கிட்டா. வராதவருன்னு ஒத்துக்கிட்டா. அது போதும்னு இருந்தேன்.

அப்பத்தான் சார் உங்க போஸ்டர் ஒட்டுனாங்க. பஸ் ஸ்டாண்டுல, இம்புட்டுப் பெருசா. செண்பகவடிவு கதையத்தான் எடுத்திருக்காங்களாம் மச்சான்னு ஓடி வந்து சொன்னா. ஓடி வந்தா சார். ஏழு வருசத்துல அவ ஓடி நான் பாக்கல.

இல்ல, அவரு நெனைப்பு வந்துரும்னு நான் பயப்படல. நெனைப்பு போனாத்தானே வாரதுக்கு. நான் பயந்தது வேற.

அடுத்த ஒட்டு. இதக் கொஞ்சம் நல்லாப் புடிக்கணும், இல்லைன்னா மெசின்ல வாரப்ப விட்டுரும். அந்தத் துண்ட வெளிச்சத்துக்குக் காட்டுங்க பாப்போம். ஆமா, அதான் மொறமாமன். பெரிய மீசை. புருவத்துக்கெல்லாம் மை போட்டிருக்காங்க பாருங்க. எங்க போயி ஆளப் புடிச்சாங்களோ. நெசத்துல மொறமாமன் இப்படியெல்லாம் இருக்க மாட்டான் சார். மீசையெல்லாம் வேண்டியதில்ல.

அவகிட்ட வர மாட்டாருன்னு அம்புட்டு உறுதியா எப்படிச் சொன்னேன்னு கேக்குறீங்களா.

அவரு வந்தாரு சார். வந்துட்டுத்தான் போனாரு. அவரு போன மொத வருசம், ஆவணியில.

அன்னைக்கு மாயம்மாவுக்குக் காய்ச்சல். முக்கு வரைக்கும் நடக்க முடியல. பூக்கூடைய என் தலையில தூக்கி வச்சதே அவதான். மச்சான், இன்னைக்கு ஒரு நாள் எனக்காக நீங்க போயி நில்லுங்க, வந்தாருன்னா கையோட கூட்டிட்டு வந்துருங்கன்னா. போயி நின்னேன். பத்தரை பஸ்ஸுல எறங்குனாரு. வெள்ளைச் சட்டை, கையில ஒரு டிரங்குப் பொட்டி. என்னையப் பாத்ததும் சிரிச்சாரு, வாடா ஒச்சப்பான்னு. நான் ஒண்ணும் நெனைச்சு வச்சுக்கிட்டுப் போகல சார். கூட்டிட்டு வரத்தான் போனேன். வாயத் தெறந்தேன், அது வந்துருச்சு. அவளுக்கு ஆடிக்கு முன்னாடியே கல்யாணம் முடிஞ்சு போச்சு வாத்தியாரேன்னேன். உங்க வசனம் எழுதுனவருக்கு யாரு சொன்னதுன்னு தெரியல. மாசம்தான் மாறியிருக்கு.

அழவெல்லாம் இல்ல. பாட்டும் பாடல. அப்படியான்னாரு. நல்லா இருக்கட்டும்னாரு. மாப்பிள்ளை யாருன்னு கேட்டாரு. சொல்லல. கொஞ்சம் தண்ணி கேட்டாரு, டீக்கடையில வாங்கிக் குடுத்தேன். குடிச்சிட்டு, திரும்புற அதே பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டாரு. பொட்டிய மேல ஏத்தி விட்டதே நான்தான்.

வீட்டுக்குப் போயி வரலைன்னேன். சரி, அடுத்த திங்கக்கிழமைன்னா. அப்பறம் ஒரு வருசத்துக்கு மேல நின்னா சார், ஒவ்வொரு திங்கக்கிழமையும். சில நாளு நானும் போயி கூட நின்னிருக்கேன். பஸ் வரும், ஒவ்வொருத்தரா எறங்குவாங்க, கடைசி ஆளு எறங்குற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பா. நானும் பாப்பேன்.

படத்துலயாச்சும் அவன் திரும்பி வாரான். வாத்தியாரு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மஞ்சக்காமாலையில போயிட்டாரு. சின்னாளபட்டிக்காரங்க சொன்னாங்க. அதையும் நான் அவகிட்டச் சொல்லல.

இந்தா, இந்த ஓட்டை வழியாப் பாருங்க. உள்ள விட ஆரம்பிச்சுட்டாங்க. லேடீஸ் பக்கம், ரெண்டாவது வரிசை, தூணுக்கு இங்கிட்டு, ஊதாச் சீலை. கம்பெனிக்காரரு வந்திருக்காருன்னு கீழ யாரும் சொல்லக் கேட்டு வந்திருப்பா. பாத்தீங்களா, இங்கதான் அண்ணாந்து பாக்குறா.

அந்த எடத்துல மீசைக்காரன் வாயத் தெறந்ததும் அவளுக்குப் போதும் சார். காய்ச்சல் வந்த அந்தத் திங்கக்கிழமை அவளுக்கு மறந்திருக்காது.

இல்ல சார், வேணாம். நீங்க சொல்றது பெரிய மனசு. ஒரு ஆட்டம் வெட்டியே ஓட்டிக்கன்னு சொல்றதுக்கு உங்களுக்கு ஆபீஸ்ல என்ன பேசுவாங்களோ. ஆனா பழனிக்கு ஒரு நாள் போவா, மதுரைக்குப் போவா. அங்க ஆபரேட்டரு வெட்ட மாட்டான். அதுவும் போக, கேக்குறதுக்கு அவளுக்கு இருக்கிறது நான்தான், ஆனா என்னைய மறுபடி கேக்காமக் கம்பெனிக்குல்ல கார்டு போட்டிருக்கா.

இந்தா வாரேன், மேனேஜர் சார்! கேட்டுச்சு, கேட்டுச்சு! கார்பன் மாட்டியாச்சு!

பெல் அடிச்சாச்சு சார். அந்த ரீல எடுத்து இப்படிக் குடுங்க. ஒட்டு காஞ்சிருச்சு. செத்த ஒதுங்கிக்கங்க, நான் மெசினுக்குப் போகணும்.